இந்திராவின் குடம்: மலைப்பள்ளியில் ஒரு சிறுகதையை வாசித்தல்

‘இந்திராவின் பண்புநலன்களை விளக்குக’ என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்பு மாணவர் என்ன எழுதுவார் என்பதை விடைத்தாளைப் பிரிக்காமலே சொல்லிவிடலாம். முன்னுரை, துணிவு, விடாமுயற்சி, குடும்பப் பற்று, முடிவுரை. ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே அடிக்கோடு, மூன்று வரி. நோட்ஸில் இருப்பதும் இதுதான், கரும்பலகையில் எழுதிப்போடுவதும் பெரும்பாலும் இதுதான். இந்திரா என்ற பெயரை அடித்துவிட்டு வேறொரு கதைப் பெண்ணின் பெயரைப் போட்டாலும் அந்த விடை அப்படியே நிற்கும். கதை நடக்கும் இடத்தைக் கேட்டால் அதற்குத் தனியாக ஒரு வரி: ‘தண்ணீர்ப் பஞ்சம் உள்ள சிற்றூர்.’ மாந்தருக்கு ஒரு வினா, களத்துக்கு ஒரு வினா. ஒன்றின் விடை மற்றொன்றை எட்டிப் பார்ப்பதே இல்லை.

இந்திரா, கந்தர்வனின் ‘தண்ணீர்’ கதையில் வருபவள். 2018-இல் வந்த ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் இக்கதையை விரிவானமாக வைத்தது. கந்தர்வனின் இயற்பெயர் நாகலிங்கம் (1944–2004). இராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கலில் பிறந்து, அரசுக் கருவூலத் துறையில் வேலை பார்த்தவர். தண்ணீரில்லாத ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதியவர் அல்லர். நல்ல தண்ணீருக்கு வழியில்லாத ஊரில், பாசஞ்சர் ரயிலின் ஊதல் கேட்டதும் பெண்கள் குடங்களோடு ஓடுகிறார்கள். ரயில் நிற்கும் சில நிமிடங்களில் பெட்டிக்குள் ஏறிக் குழாயில் பிடித்ததுதான் வீட்டுக்குக் குடிதண்ணீர். ஒரு நாள் இந்திரா பிடித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் கிளம்பிவிடுகிறது. ஊர் தேடி அலைகிறது, தாய் தவிக்கிறாள். கடைசியில் அவள் தண்டவாளத்தின் வழியே நடந்து வருகிறாள், இடுப்பில் நிறைகுடத்தோடு.

தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால் எழுகிற சித்தேரி மலையின் வகுப்பறையில் இக்கதையை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழும் சின்னச் சின்ன ஊர்கள் சரிவெங்கும் உள்ளன. (இந்த மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை, தாய்மொழி தமிழ்.) மழைக்காலத்தில் மலையில் இறங்கும் நீர் அடிவாரத்தில் வள்ளிமதுரையில் உள்ள வரட்டாறு அணைக்குப் போய்ச் சமவெளி வயல்களுக்குப் பாய்கிறது. கோடையில் ஊற்றைத் தேடிக் குடத்தோடு நடப்பது மலைப்பெண்களுக்குப் புதிய செய்தியல்ல. ரயில்தான் புதிது. தண்டவாளம் இந்த மலைக்கு ஏறாது.

ஆகவே மலைப்பிள்ளைக்கு இந்திராவின் தாகத்தை விளக்க வேண்டியதில்லை. தட்டையான நிலத்தை விளக்க வேண்டும். இந்த மலையில் நீருக்கு மேடு பள்ளம் உண்டு, எந்தப் பாறையின் அடியில் கசியும் என்று கேட்டால் சொல்ல ஓர் ஆள் உண்டு. இந்திராவின் ஊரில் பார்வை போகுமட்டும் சமதரை, தோண்டினாலும் உப்பு. அந்த நிலத்தில் நல்ல தண்ணீர் ஊரைக் கடந்து போகும் ஒரு வண்டிக்குள் இருக்கிறது, அதுவும் நிமிடக் கணக்கில். இது பிடிபட்டால்தான் அவள் ஏன் இறங்கவில்லை என்று கேட்க முடியும்.

இங்கே ஒரே ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். ‘இந்திரா எந்தெந்த இடத்தில் குடத்தைக் கீழே வைத்திருக்கலாம்?’ ரயில் நகரத் தொடங்கியபோது வைத்துவிட்டுக் குதித்திருக்கலாம். வேறொரு நிலையத்தில் இறங்கியபோது விட்டிருக்கலாம். தண்டவாளத்தில் நடக்கும்போது, இடுப்பு கடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் கவிழ்த்துவிட்டு வெறுங்குடத்தோடு வந்திருக்கலாம். எங்கும் அவள் அதைச் செய்யவில்லை. அதே பெண்ணைத் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஆற்றங்கரை ஊரில் வைத்து, ஒரு குடம் தண்ணீருக்காக ஓடும் ரயிலில் தங்கிவிட்டாள் என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார், அசட்டுப் பெண் என்பார். செயல் ஒன்றுதான். நிலம் மாறினால் துணிவு அசட்டுத்தனமாகிவிடுகிறது. அப்படியானால் ‘துணிவு’ இந்திராவுக்குள் மட்டும் இருந்த சரக்கல்ல. ஒரு குடம் நீருக்கு அந்த ஊர் வைத்திருக்கும் விலையும், அதைக் கொடுக்க அவள் எடுத்த முடிவும் சேர்ந்ததே அது. அந்த நிலம் ஒருத்தியிடம் எதைக் கேட்கிறது, அவள் அதற்கு என்ன செய்கிறாள் என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பண்பைச் சொன்னதாகும்.

இதைச் சொல்வதற்குக் கருவி வேண்டி வெளியே போகத் தேவையில்லை. தொல்காப்பிய அகத்திணையியல் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கரு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் மனித உணர்ச்சிகளும் அவற்றின் நிமித்தங்களும் உரி. பத்தாம் வகுப்பு மாணவருக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம், கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார். ஆனால் அது இலக்கணப் பாடத்தோடு முடிந்துவிடுகிறது. அடுத்த பாடத்தில் வரும் சிறுகதைக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று யாரும் சொல்வதில்லை. ரஷ்ய அறிஞர் மிகயீல் பக்தின் 1930-களில் நாவலை ஆராய்ந்தபோது, கதையில் இடத்தையும் காலத்தையும் பிரிக்க முடியாது என்று சொல்லி அந்த இணைப்புக்கு ஒரு பெயர் வைத்தார். அதைப் பெரிய கண்டுபிடிப்பாக நம் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கின்றன, கற்பிக்கட்டும். நிலத்தையும் பொழுதையும் ஒரே சொல்லால் ‘முதல்’ என்று சேர்த்துச் சொன்ன மரபு நம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது.

‘தண்ணீர்’ கதைக்குக் கருப்பொருள் அட்டவணை போடச் சொல்லிப் பாருங்கள். தொழில் என்ற கட்டத்தில் தண்ணீர் பிடித்தல் வந்து உட்காரும், அந்த ஊர்ப் பெண்களுக்கு நாளின் பெரும்பகுதியைத் தின்னும் வேலை அதுதான். பறை? ஊரைக் கூட்டும் ஓசை எது என்று கேட்டால் யாராவது ஒரு பிள்ளை ரயிலின் ஊதல் என்று சொல்லிவிடும். பொழுது? சூரியன் அல்ல, ரயில்வே கால அட்டவணை. மற்றக் கட்டங்களை மாணவர்களே கதையைப் புரட்டி நிரப்பட்டும். நிரம்பாமல் நிற்கிற கட்டமும் சான்றுதான். ஒரு நிலத்தில் எது இல்லை என்பதும் அந்த நிலத்தின் செய்தியே.

உரிப்பொருளுக்கு வரும்போது இன்னொன்று கண்ணில் படுகிறது. வறண்ட வழியில் போய்விட்ட மகளை நினைத்துத் தாய் புலம்புகிறாள், ஊரார் விசாரிக்கிறார்கள், தேடுகிறார்கள். சங்கப் பாடல்களில் உடன்போக்கு என்னும் துறை இப்படித்தான் நகரும். தலைவனோடு பாலை வழியே போன மகளை எண்ணி நற்றாயும் செவிலியும் கலங்குவார்கள், எதிர்ப்படுவோரிடம் கேட்பார்கள். இங்கே மகள் போனது காதலனோடு அல்ல, குடத்தோடு. போனவள் திரும்பியும் வந்துவிடுகிறாள். கந்தர்வன் இதை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊராரின் பதற்றத்தில் தனியாகப் போன இளம்பெண்ணைப் பற்றிய பழைய அச்சம் ஒன்று இருக்கிறது. களம் என்றால் மண்ணும் வெயிலும் மட்டுமல்ல, ஒரு பெண் ஊர் தாண்டினால் ஊர் என்னென்ன நினைக்கும் என்பதும் களம்தான். இதை வகுப்பில் பெண்பிள்ளைகள் ஆசிரியரைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் வேனிலில் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. சித்தேரியில் பாடம் எடுப்பவருக்கு இது மிகவும் வேண்டிய செய்தி. ஏனென்றால், மலைப்பள்ளி என்றவுடன் ‘நீங்கள் குறிஞ்சி நிலத்து மக்கள்’ என்று தொடங்கி முருகன், தினை, தேன், வேங்கை மரம் என்று அடுக்கிவிடுகிற வழக்கம் ஒன்று உண்டு. அன்போடு செய்வதுதான், ஆனால் தவறு. பிள்ளைகளை இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஓவியத்துக்குள் தள்ளிவிடுகிறோம். இன்றைய சித்தேரியின் கருப்பொருளை அவர்களே எழுதட்டும். உணவில் சாமைச்சோறும் வரும், ரேஷன் அரிசியும் வரும். தொழிலில் உழவும் புளி உலுக்குதலும் வரும், வெளியூர்க் கூலிவேலைக்குப் பஸ் ஏறுவதும் வரும். கூட்டுறவுச் சங்கம், வனத்துறை, விடுதி மணி எல்லாம் வரும். தெய்வம் என்ற கட்டத்தில் என்ன வரும் என்று ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்யாமல் இருந்தால் நல்லது.

இந்த மலையாளிகள் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் கதையே களத்தையும் மாந்தரையும் சேர்த்து வைத்திருக்கும் கதை. காஞ்சியிலிருந்து புறப்பட்ட பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அதன் சாரம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுதிகளில் இது பதிவாகியிருக்கிறது. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் மாற்றம் உண்டு. அந்தக் கதையில் அண்ணன் தம்பிகளுக்குத் தனிக்குணம் என்று பெரிதாக எதுவும் இல்லை, அவர்கள் ஏறிய மலைதான் அவர்களின் அடையாளம். வீட்டில் பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுவரச் சொன்னால், ஒரே கதைக்கு வகுப்பில் பல வடிவம் கிடைக்கும். களம் மாறும்போது மாந்தர் எப்படி மாறுகிறார் என்பதைக் காட்ட இதைவிடக் கைக்கெட்டும் பாடம் இல்லை.

இனி கொஞ்சம் கடினமான இடம். பதினோராம் வகுப்புப் பாடநூலில் ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ இடம்பெற்றது. டாப்சிலிப்பில் யானைகளுக்காக வாழ்ந்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை மையமாகக் கொண்ட கதை. கதைசொல்லி வனத்துறை அதிகாரி, காட்டின் மேல் காதல் கொண்டவர். சென்னை மாணவருக்கு அவர் ஐயமில்லாமல் நல்லவர். சித்தேரி அடிவாரத்து மாணவருக்கு? வாச்சாத்தி இந்த மலையின் காலடியில்தான் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடி வந்ததாகச் சொன்ன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊரைச் சூறையாடினார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்புக்கு முன், 2023 மார்ச்சில், நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தார். மேல்முறையீட்டைக் காகிதக் கட்டை வைத்தே முடிக்கலாம். அவர் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். சாட்சிகள் என்ன செய்தார்கள், எங்கே நின்றார்கள், எங்கே ஓடியிருக்க முடியும் என்பது நிலத்தைப் பார்த்தால்தான் பிடிபடும் என்பதை எந்த இலக்கிய வகுப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தர முடியாது.

காக்கி உடுப்பைக் கண்டால் ஒதுங்கச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை ‘யானை டாக்டர்’ கதைசொல்லியை முதல் பக்கத்திலேயே நம்பாமல் போகலாம். அதைத் தவறான வாசிப்பு என்று ஆசிரியர் திருத்தக் கூடாது. படிப்பவரும் ஒரு நிலத்திலிருந்துதான் படிக்கிறார். அந்த ஐயத்தோடு அவர் கதையைத் தொடரட்டும். கதைசொல்லி எந்த இடத்தில், எந்தச் செயலால் அந்தப் பிள்ளையின் நம்பிக்கையைச் சம்பாதித்தார், அல்லது சம்பாதிக்கவே இல்லை என்பதை மாணவர் வரி காட்டிச் சொன்னால், மாந்தர் ஆய்வு அங்கே நடந்துவிட்டது.

பண்புச் சொல்லை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு ஆளைப் பார்ப்பது வகுப்பறைக்கு வெளியே எவ்வளவு கொடியது என்பதற்கு 2015 ஏப்ரல் 7 சான்று. திருப்பதிக்கு அருகில் சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் இறந்தார்கள். சித்தேரி மலையூர்க்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். பல செய்திகள் அவர்களைச் ‘செம்மரக் கடத்தல்காரர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்தன. அந்தச் சொல்லுக்குள் மலையும் இல்லை, மானாவாரிச் சாமையும் இல்லை, வேலை தருவதாகச் சொல்லி வந்த தரகரும் இல்லை, முன்பணமும் இல்லை. களத்தை உருவிவிட்டால் மாந்தர் இப்படித்தான் பட்டப்பெயராகச் சுருங்கிப்போவார். இதை வகுப்பில் எடுக்கலாமா என்றால், ஆசிரியர் யோசித்துச் செய்ய வேண்டும். செய்தித்தாள் துணுக்கு ஒன்றைக் கொடுத்து ‘இதில் யாருடைய ஊர், வேலை, குடும்பம் சொல்லப்பட்டிருக்கிறது, யாருடையது விடுபட்டிருக்கிறது’ என்று கேட்கலாம். ‘உங்கள் வீட்டிலிருந்து யாராவது போனார்களா’ என்று மட்டும் கேட்கக் கூடாது. பிள்ளையின் துக்கம் பாடநூல் அல்ல.

ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகளில் தட்டை மாந்தர், முழு மாந்தர் என்று இருவகை சொன்னார். நம் இளங்கலைத் தமிழ் வகுப்பு வரை அது வந்துவிட்டது. நாவலுக்கு உதவும் அந்தப் பிரிவு சிறுகதைக்கு அவ்வளவாக உதவாது. சில பக்கங்களில் யாரும் முழுதாக உருண்டு திரண்டுவிட மாட்டார். ஒரு திருப்பத்தில் அவர் எந்தப் பக்கம் போனார் என்பதுதான் நமக்குக் கிடைக்கும். பத்தாம் வகுப்புப் பாடமான கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’ கதையில் வீரப்பன் நேரில் வருவதே இல்லை. ஏழை நண்பன் குப்புசாமிக்கு அவன் அனுப்பிய கடிதமும் கொஞ்சம் பணமும் மட்டும் வருகின்றன. ஆனால் நோயாளியான குப்புசாமியை எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த கதைசொல்லியை அசைத்துவிடுவது அந்த வராத மனிதன்தான். பிறர் வீட்டில் இடித்துக்கொண்டு கிடக்கும் பட்டணத்து வாழ்க்கையில், தொலைவூரிலிருந்து கடன்பட்டாவது அனுப்பும் ஒருவனின் பண்பு தூரத்தாலேயே தெரிகிறது. களம் இரண்டு ஊர்களுக்கு இடையே நீள்கிற கதை இது. தகப்பன் வெளியூரில், பிள்ளை உண்டு உறைவிடப் பள்ளியில் என்று வாழும் குடும்பங்களுக்கு இந்தத் தூரம் அந்நியமானதல்ல.

அதே வகுப்பின் கி. ராஜநாராயணன் பாடத்தில், ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலின் பகுதியில், பசியோடு சோர்ந்து கிடக்கும் ஒரு வெளியூர் இளைஞனை அன்னமய்யா அழைத்துப்போகிறான். வேலை செய்துகொண்டிருப்பவர்கள் தங்கள் கம்மஞ்சோற்றைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பாடநூல் பின்னால் வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருள் கொடுத்திருக்கிறது. வரத்துக்காரன் என்றால் புதியவன், நீத்துப்பாகம் என்றால் மேல்கஞ்சி. கரிசல் சொல்லுக்குப் பொருள் சொல்லவாவது இடம் கிடைத்தது. ‘பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக’ என்று இன்னோர் இடத்தில் பயிற்சி வரும்போதுதான் சங்கடம். மொழிப்பயிற்சியாக அது சரியே. ஆனால் கதைமாந்தர் பேச்சில் அதைச் செய்தால் அன்னமய்யா எந்த ஊர்க்காரன் என்பதே அழிந்துவிடும். நான் ஆசிரியராக இருந்தால் இந்தப் பாடத்தில் அந்தப் பயிற்சியைத் திருப்பிப் போடுவேன். சோறு பகிரும் இடத்தை மலைப்பேச்சில், சாமைச்சோற்றோடு எழுதச் சொல்வேன். எழுதும்போதே எது மாறவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், ‘விருந்தோம்பல்’ என்ற தலைப்பை நான் கரும்பலகையில் எழுத வேண்டியிருக்காது. எழுதிய பிறகு கேட்கலாம்: ‘நம் ஊருக்கு வரத்துக்காரர் யார்?’ பெரும்பாலும் பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்துச் சிரிப்பார்கள். சமவெளியிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிப் பாடம் எடுப்பவர்தான் அந்தக் கதையின் பசித்த இளைஞனுக்கு மிக அருகில் நிற்பவர்.

தேர்வு இருக்கிறதே என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நியாயம். பத்தாம் வகுப்பில் விரிவான வினா 8 மதிப்பெண், குறிப்புச் சட்டகத்தோடு வரும், நேரம் குறைவு. தலைப்புகளை விட்டுவிடச் சொல்ல நான் வரவில்லை. தலைப்புக்குக் கீழே எழுதும் மூன்று வரியின் வரிசையை மாற்றினால் போதும். ‘இந்திரா துணிவு மிக்கவள்’ என்று தொடங்குவதற்குப் பதில், முதல் வரியில் நிலம், இரண்டாம் வரியில் அவள் செய்தது, மூன்றாம் வரியில் அவள் செய்யாமல் விட்டது. ‘ரயிலில்தான் ஊருக்கு நல்ல தண்ணீர். ரயில் கிளம்பியும் அவள் குடத்தை விடவில்லை. திரும்பி நடந்த வழியில் எங்கும் கவிழ்க்கவும் இல்லை.’ துணிவு என்ற சொல் வேண்டுமானால் கடைசியில் வரட்டும். திருத்துபவர் விடைக்குறிப்பில் அந்தச் சொல்லைத்தான் தேடுவார், அது இருந்தால் மதிப்பெண் விழும். அதற்கு முந்திய மூன்று வரியையும் அவர் படித்துத்தான் ஆக வேண்டும்.